சாய்வு பூஜ்ஜியம் என்று வைத்துக்கொண்டால்

"சரி, லேகியத்துல ஒண்ணுமே இல்லைன்னு வச்சுக்குவோம். அப்பவும் இது நடந்திருக்குமா?" வல்லாரை லேகியம் சாப்பிட்டு மகளின் மதிப்பெண் ஏறியதாகச் சொன்ன பெண்ணிடம், தாராசுரம் பேருந்தில் அம்சவல்லி இப்படிக் கேட்டார். கேலி இல்லை, உண்மையாகவே யோசித்துக் கேட்பார். கல்லூரியில் புள்ளியியல் பாடம் எடுப்பவர். கொளுத்தும் வெயிலிலும் பையில் மழைக்கோட்டு இருக்கும். ஏன் என்று கேட்டால், "மழை வராதுன்னு இன்னும் நிரூபணம் ஆகலையே" என்பார்.

கணவர் நெடுமாறன் சிங்கப்பூர் வேலையை விட்டுவந்து நெல் பயிரிடுகிறவர். மீன் கழிவையும் வெல்லத்தையும் புளிக்கவைத்து ஒரு கரைசல் தயாரித்தார். போன சம்பாவில் பத்து வயல்களில் வெவ்வேறு அளவு தெளித்து, விளைச்சலை எடை போட்டு மனைவியிடம் கொடுத்தார். ரசாயன உரத்தை நிறுத்திவிட்டு இதற்கு மாற ஊரே காத்திருந்தது.

கரைசல் கூடக் கூட விளைச்சலும் கூடுவதாக, கணினித் திரையில் கோடு மேல்நோக்கி ஏறியது. நெடுமாறன் முகம் மலர்ந்தது. அம்சவல்லி கோட்டைச் சுற்றியிருந்ததைப் பார்த்தார். ஒவ்வொரு வயலுக்குமான புள்ளிகள் கண்டபடி சிதறிக் கிடந்தன. கோட்டின் சாய்வு எவ்வளவோ, அதில் இருக்கக்கூடிய பிழையும் ஏறக்குறைய அவ்வளவு. கரைசலுக்குச் சக்தியே இல்லாவிட்டாலும், ஏறியோ இறங்கியோ இந்த அளவாவது சாய்வு பத்துக்கு மூன்று தடவை தற்செயலாகவே வந்துவிடும் என்று மெதுவாக விளக்கினார்.

"அப்ப வேலை செய்யலைங்கிறியா?"

"அப்படி நான் சொல்லலைங்க. செய்யுதுன்னு சொல்ல இந்த வயலுங்க பத்தாது."

சில நாள் நெடுமாறன் விடிவதற்குள் வயலுக்குக் கிளம்பிவிட்டார். எங்காவது தப்புச் செய்திருக்க மாட்டோமா என்ற ஆசையில் அம்சவல்லி கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டார். விடை மாறவில்லை. கடைசியில் விவசாயிகள் கூட்டத்தில் நெடுமாறனே எழுந்து, "உரத்த நிறுத்திடாதீங்க. இன்னும் தெரியல," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

இந்தச் சம்பாவுக்கு, கூட்டத்தில் இருந்த செல்லதுரையும் இன்னும் பலரும் தங்கள் வயல்களில் சோதிக்கச் சம்மதித்தார்கள். நல்ல மண்ணின் பலன் கரைசல் கணக்கில் சேர்ந்துவிடக் கூடாதென்று, எந்த வயலுக்கு எவ்வளவு என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்தார் அம்சவல்லி. வாய்க்கால் தண்ணீர் முதலில் பாயும் தலைமடையில் இருந்த நெடுமாறனின் செழிப்பான வயலுக்கு வெறும் தண்ணீர் என்று சீட்டு விழுந்தது. முழு அளவு, கடைமடையில் செல்லதுரையின் களர் நிலத்துக்குப் போனது.

நெடுமாறன் மனைவியைப் பார்த்தார்.

அம்சவல்லி செருப்பைக் கழற்றினார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, செல்லதுரை வயலுக்குப் போகவேண்டிய கரைசல் டிரம்மின் ஒரு பக்கக் கைப்பிடியைப் பற்றினார். மறுபக்கத்தை நெடுமாறன் பிடிக்கட்டும் என்று குனிந்தபடியே நின்றார்.