கூட்ஸ் வண்டி எண்களும் அண்ணனின் சிப்பாய்களும்

எழுபதுகளில் எங்கள் நைனா கடம்பத்தூர் பக்கத்தில் ரயில்வே கேட் கீப்பர். அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அண்ணன் கணக்கில் பட்டம் வாங்கிவிட்டு, காக்களூரில் ஒரு பட்டறையில் போல்ட்டுக்கு மரை போட்டுக்கொண்டிருந்தான். அந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சென்னையில் ஒரு பேராசிரியர் அவனுக்கு ஒரு வழி காட்டினார். செஸ் ஆடும் புரோகிராம் எழுதி, அவருடைய கல்லூரி கம்ப்யூட்டரில் எல்லோர் முன்பும் ஒழுங்காக ஆட வைத்தால், அங்கேயே வேலை. அண்ணன் சோறு தண்ணீர் மறந்தான்.

கம்ப்யூட்டரோ ஆமை. ஆனால் ஆட்டத்தில் சிப்பாய்கள் அடிக்கடி நகர்வதில்லை. அவை நிற்கும் அமைப்பு நல்லதா கெட்டதா என்று ஒரு முறை கணக்குப் போட்டு வைத்துக்கொண்டால், அதே அமைப்பு மறுபடி வரும்போது பழைய விடையை எடுத்தால் போதும். தேடி எடுக்க ஓர் அடையாள எண் வேண்டுமே! ஒவ்வொரு கட்டத்துச் சிப்பாய்க்கும் ஓர் எண் கொடுத்து, நிற்கிற சிப்பாய்களின் எண்களைக் கலந்து அதை உண்டாக்கினான். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத எண்களுக்கு எங்கே போவது? கேட்டைக் கடக்கும் கூட்ஸ் வண்டிப் பெட்டிகளின் எண்களைக் குறித்துத் தரும்படி நைனாவிடம் கேட்டான். நைனாவுக்குத் தலைகால் புரியவில்லை. வெயிலில் நின்று எழுதி, வீட்டில் உட்கார்ந்து அழகாகப் படியெடுத்துக் கொடுத்தார். அண்ணன் அவற்றை அப்படியே கம்ப்யூட்டர் படிக்கும் அட்டைகளில் துளையிட்டான்.

எல்லோர் முன்பும் ஆட வைத்த அன்று மெஷின் முதலில் நன்றாகத்தான் ஆடியதாம். ஜெயிக்க வேண்டிய நிலையில், தொடவே கூடாத சிப்பாயைத் தள்ளித் தோற்றது. பேராசிரியர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

சாப்பிடும்போது நைனா கேட்டார்.

"இன்னாடா இப்டி ஆயிடுச்சு? எட்டு வந்த நம்பர் ஒண்ணுகூட நான் வுடலையே!"

"இன்னா நைனா சொல்ற?"

"கூட்டினா எட்டு வந்ததெல்லாம் அடிச்சிட்டேன். ராசியில்லாத நம்பர் உனுக்கு எதுக்கு? அதுக்குப் பதிலு, மேல கீற நல்ல நம்பரையே இன்னொருவாட்டி எழுதிட்டேன்."

அண்ணன் கை சோற்றிலேயே நின்றது. இரண்டு கட்டங்களுக்கு ஒரே எண் என்றால், இங்கே நிற்கும் சிப்பாயை அங்கே நிற்பதாக மெஷின் எடுத்துக்கொள்ளும். வேறோர் அமைப்பின் விடையைத் தூக்கிக் கொடுக்கும். அவன் சொல்லிச் சொல்லி எனக்கே அது அத்துப்படி. நான் வாயைத் திறக்கப் போனேன். அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தான்.

"மெஷின் கோளாறு நைனா" என்றான்.

சாகும்வரை நைனா அந்த மெஷினைத் திட்டினார். "எம்புள்ள பொழப்புல மண்ணப் போட்டுடுச்சே" என்பார். பட்டறையிலிருந்து எண்ணெய்க் கையோடு வந்து நிற்கும் அண்ணன், ஒவ்வொரு முறையும் "ஆமா நைனா" என்பான்.