இரண்டு வீட்டில் ஒரே நோய்

அக்காவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்திருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் தங்கையின் வணக்கம். அக்காவின் பொறுமையைப் பற்றி எழுதச் சொன்னார்கள். அதைப் பொறுமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

புங்குடுதீவு மடத்துவெளியில் பிறந்த அக்கா, திருமணமாகித் தெற்கே சிங்கள ஊரொன்றில் இருந்த அத்தானின் கடைக்குப் போனார். ஐம்பத்தெட்டு இனக்கலவரத்தில் கடை எரிய, கட்டிய சேலையோடு ஊர் திரும்பினார். அத்தானும் அதிக காலம் இருக்கவில்லை. பிள்ளைகளை வளர்க்க அக்கா கூலிக்குப் போனார்.

முன்பெல்லாம் விசேஷம் என்றால், ஊரில் வசதியாக இருந்த எங்கள் மாமா வீட்டார் அக்காவை விறாந்தைக் கதிரையில் இருத்துவார்கள். கூலிக்குப் போகத் தொடங்கிய பிறகு, "நீ எங்கடை பிள்ளைதானே, குசினிப் பக்கம் போ" என்றார்கள். உரிமையோடு சொல்வதாகத்தான் நினைத்தார்கள். அதன்பின் அக்காவுக்கு இடம் அடுப்படிதான்; எந்தப் பந்தியிலும் அக்காவுக்கு இலை போட்டதை நான் காணவில்லை.

மெல்ல மெல்ல அக்காவின் பேச்சுக் குறைந்தது. நித்திரை போயிற்று. தலை வாரவும் மனமில்லை. பேய் என்று நூல் கட்டினார்கள். சோம்பல் என்றும் சிலர் சொன்னார்கள்.

அதே காலத்தில் மாமிக்கும் அப்படியே வந்தது. மாமா அவரைக் கொழும்புக்குக் கூட்டிப்போய் வைத்தியம் செய்வித்தார். மாமிக்கு வந்தபோது அது நோயாகிவிட்டது. அவர் ஓய்வெடுக்க, சமைக்க அழைத்தது அக்காவைத்தான்.

"எனக்கு வந்ததுதான் இவளுக்கும் வந்திருக்கு" என்று முதலில் கண்டுகொண்டவர் மாமியே. எழும்பி நடமாடத் தொடங்கியதும் அக்காவை ஊர்காவற்றுறையில் ஒரு வைத்தியரிடம் அழைத்துப் போனார்.

"கொஞ்ச நாளைக்கு ஒரு வேலையும் செய்யாமல் ஆறியிருங்கோ" என்றார் வைத்தியர்.

"ஓம் ஐயா. நான் ஆறியிருந்தால் பிள்ளையள் என்னத்தைத் தின்னுறது?" என்று அக்கா கேட்டார்.

வைத்தியர் எழுதித் தந்த குளிசைகளை வாங்க யாழ்ப்பாணம் போகவேண்டும். போனால் அன்றைய கூலி இல்லை. ஆகவே அக்கா விட்டு விட்டுத்தான் குடித்தார். குடித்த காலங்களில் பகிடி விட்டு எங்களைச் சிரிக்க வைத்தார். அந்த அக்காவைத்தான் நான் தேடுகிறேன். கடைசி வருடம் சோற்றையே வெறுத்தார். ஒரு சாதாரண காய்ச்சலைத் தாங்க உடம்பில் பலமிருக்கவில்லை.

பாடை சுமந்தவர்களுக்கும், தண்ணீர் அள்ளித் தந்த அயலவர்களுக்கும் எங்கள் நன்றி. மாமிக்குத் தனியாக நன்றி சொல்லவேண்டும். செத்தவீட்டில் ஒருவர், "எல்லாம் அவளின்ரை விதி" என்றபோது, தலைமாட்டில் இருந்த மாமி சொன்னார்:

"விதி எண்டு சொல்லாதேங்கோ. எனக்கும் உந்த வருத்தந்தான் வந்தது. நான் படுத்துக் கிடக்க இவள் சமைச்சுப் போட்டவள், நான் எழும்பியிட்டன். இவள் படுக்க எங்களில ஆர் சமைச்சது?"