மிளகாயோடு காய்ந்த தேயிலை

சித்தப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். சைகோனிலிருந்து கப்பலில் வந்து இறங்கியபோது, அந்த ஊர்ப் பெண் ஒருத்தியை எங்களுக்குச் சித்தியாகக் கூட்டிக்கொண்டு வந்தார். வந்து ஒரு வருஷம் ஆகியும் சித்தியின் தமிழ் பத்து வார்த்தையைத் தாண்டவில்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது. வீட்டில் யாருக்கு என்ன குறை என்றாலும் தீர்த்துவைக்கிற பொறுப்பை நானே எடுத்துக்கொண்டிருந்தேன். யாரும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

அந்தச் சமயத்தில்தான், ஊர் திரும்பிய பட்டாளத்துக்காரர் ஒருவர் சித்திக்கு ஒரு பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தார். சித்தியின் அம்மா அங்கே மலைத் தோட்டத்தில் தேயிலை பறிக்கிறவர். அவர்களுடைய வருஷப்பிறப்பு கழிந்ததும் கிள்ளுகிற முதல் கொழுந்தைத் தன் கையாலேயே வறுத்து, மகளுக்கென்று அனுப்பியிருந்தார். சித்தி அன்றைக்கே எல்லாருக்கும் போட்டுக் கொடுத்தாள். பாலும் கிடையாது, சர்க்கரையும் கிடையாது. அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "இன்னா இது, இலைய அலசின தண்ணியாட்டம் இருக்குது" என்றாள். சித்திக்குப் புரிந்திருக்க வேண்டும். மிச்சத்தை பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடிவிட்டாள்.

அதற்குப் பிறகு அவள் அதைக் குடித்து நான் பார்க்கவில்லை. மத்தியானம் அம்மா கண்ணயர்ந்த நேரத்தில் டப்பாவைத் திறப்பாள். மூக்கருகே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாள். மூடிவிடுவாள். தினமும் இதேதான். ஒருநாள் எட்டிப் பார்த்தேன். இலை இன்னும் பச்சையாகவே இருந்தது. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சரியாகக் காயாத இலை, பூசணம் பிடித்துவிடுமோ என்று பயந்து முகர்ந்து பார்க்கிறாள், பாவம்!

எங்கள் வீட்டில் மிளகாயோ பருப்போ, புதிதாக எது வந்தாலும் மாடியில் ஒருநாள் வெயிலில் போடாமல் டப்பாவில் அடைக்க மாட்டார்கள். சித்தப்பாவோடு சித்தி வெளியே போயிருந்த ஒரு நாள், மாடியில் அம்மா காயப்போட்டிருந்த மிளகாயை ஓரமாகத் தள்ளி, அதே பாயில் தேயிலையைப் பரப்பினேன். காக்கா வராமல் குச்சியோடு காவல் இருந்தேன். நடுநடுவே கிளறியும் விட்டேன், மிளகாயைக் கிளறிய அதே கையால்.

சாயங்காலம் இலை மொறுமொறுவென்று ஆகியிருந்தது. டப்பாவில் அள்ளிப் போட்டுக் கொண்டுபோய்ச் சித்தியிடம் நீட்டினேன்.

"நல்லா காஞ்சிடுச்சு சித்தி, இனிமே கெடாது!"

சித்தி திறந்து முகர்ந்தாள். தும்மினாள். மறுபடியும் முகர்ந்தாள். மூன்றாவது தடவை டப்பாவுக்குள் குனிந்த முகத்தை வெளியே எடுக்கவே இல்லை. விஷயம் தெரிந்து அம்மா கையை ஓங்கிக்கொண்டு வந்தாள். சித்தி எழுந்து குறுக்கே நின்றாள்.

"அடிக்காத அக்கா. புள்ள நல்லதுக்கு செஞ்சிச்சு."

இருந்த பத்து வார்த்தையில் ஐந்தை எனக்காகச் செலவழித்துவிட்டாள்.

வேறு பொட்டலம் வரவில்லை. அந்த வருஷமே அவள் அம்மா இறந்துபோனதாகக் கடிதம்தான் வந்தது. பெற்ற தாயின் கைவாசனை அவளுக்கு அந்த ஒரு டப்பாவில்தான் மிஞ்சியிருந்தது என்பது, எனக்குக் கல்யாணமாகி நானும் அம்மாவை விட்டு வெளியூர் போன பிறகே உறைத்தது. இன்றைக்கும் மிளகாய் காயும் நெடி வந்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அன்றைக்கு அதெல்லாம் எங்கே தெரிந்தது? சித்தி அதற்குப் பிறகு டப்பாவைத் திறக்கவில்லை. மத்தியானங்களில் எங்களோடு உட்கார்ந்து, அம்மா போடும் பால் டீயைக் குடிக்க ஆரம்பித்தாள். ஒருவழியாகச் சித்திக்கு நம்ம வீடு பிடித்துப்போய்விட்டது, அதற்கு நான்தான் காரணம் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.