பச்சை நிழல் விழும் கிரகம்

மருந்து அட்டைப் பெட்டிகளுக்குப் படம் போட்டே பல வருடம் ஓட்டியவள் அவள். இருமல் மருந்துக்கு நுரையீரல், அஜீரண மருந்துக்கு இரைப்பை. "குடல் குடலா வரைஞ்சு அலுத்துப்போச்சுங்க" என்று புருஷனிடம் புலம்பிக்கொண்டிருந்த சமயத்தில்தான் சிறுவர் அறிவியல் பத்திரிகையிலிருந்து கூப்பிட்டார்கள். ஒரு அட்டைப்படம் வேண்டுமாம். இரண்டு சூரியன்கள் காயும் கிரகம். ஒன்று வெள்ளை, மற்றது சிவப்பு.

தலைகால் புரியாத சந்தோஷத்தோடு தூரிகையை எடுத்தாள். வானமும் பாறைகளும் மளமளவென்று வந்துவிட்டன. நிழல்தான் தண்ணி காட்டியது. ஒரு பாறைக்கு இரண்டு நிழல் விழும், சரி. என்ன நிறத்தில் விழும்?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திரைச்சீலைகளை இழுத்து மூடினாள். மேசையின் இரண்டு மூலைகளிலும் இரண்டு விளக்குகள். ஒன்றின் மேல் சிவப்புக் கண்ணாடித்தாள். எதிரே வெள்ளைச் சுவர். சுவருக்கு முன்னால், பாறையாக, பேருந்து ஓட்டுநரான அவள் புருஷன்.

"வாரத்துல ஒரு நாள்தான் லீவு. அன்னைக்கும் அசையாம உட்காரச் சொல்றே."

"பாறை பேசாதுங்க."

கொஞ்ச நேரத்தில் பாறை மறுபடி வாயைத் திறந்தது. "இங்க பாரு, என் நிழல் ஒண்ணு பச்சையா இருக்கு."

"பஸ் ஓட்டுறவரு, முதல்ல கண்ணைக் காட்டிட்டு வாங்க" என்றபடி எட்டிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வெள்ளை விளக்கை அவர் மறைத்த இடத்தில் சுவர் சிவந்திருந்தது. சிவப்பு விளக்கை மறைத்த இடத்தில் மங்கலான பச்சை. வீட்டில் பச்சை விளக்கே கிடையாது. சுற்றிலும் பரவிய சிவப்பு வெளிச்சம் கண்ணுக்குக் காட்டும் வேடிக்கை அது என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டாள். அன்றைக்கு, கண்ணில் பட்டதை அப்படியே வரைந்துவிட்டாள்.

பத்திரிகை ஆசிரியர் படத்தை ரசித்தார். நிழலைப் பார்த்ததும் தலையைச் சொறிந்தார். "பிரமாதம்மா. ஆனா அச்சுல மை மாறிடுச்சுன்னு ஃபோன் போட்டுத் திட்டுவாங்களே. கறுப்பாவே போட்டுடலாமா?"

மருந்துக் கம்பெனியில் என்றால் மறுபேச்சு பேசாமல் மாற்றியிருப்பாள். இன்று பையிலிருந்து விளக்குகளை எடுத்து மேசையில் வைத்தாள். "ஜன்னலை மட்டும் சாத்தச் சொல்லுங்க சார்."

அலுவலகமே கூடிவிட்டது. ஆசிரியர் முதலில் கையை நீட்டிப் பார்த்தார், அப்புறம் மூக்குக் கண்ணாடியை. கடைசியில் பக்கவாட்டில் திரும்பி நின்று, "என் தொந்திக்கும் பச்சைதானா" என்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். படம் ஒரு பொட்டு மாறாமல் அச்சுக்குப் போனது. வீட்டிலேயே செய்து பார்க்கும் விதத்தை உள்பக்கத்தில் போட்டார்கள்.

ஃபோன்கள் வரத்தான் செய்தன. மையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. "பிள்ளைங்க பகல்லயே வீட்டை இருட்டாக்கிட்டு, என்னையும் நாயையும் மாத்தி மாத்திச் சுவத்துக்கு முன்னாடி நிறுத்துறாங்க சார்" என்று ஒரு அம்மா முறையிட்டாள்.

அடுத்த மாதமே இன்னொரு அட்டைப்படம் கேட்டார்கள். இம்முறை மூன்று சூரியன்கள். சேதியைக் கேட்ட புருஷன் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு நகர்ந்தார்.

"என் தம்பியைக் கூப்பிடு. சும்மா உட்கார்றதுல அவனை மிஞ்ச ஆளில்ல."

அவள் சிரித்துக்கொண்டே கொழுந்தனுக்கு ஃபோன் போட்டாள்.