மூட்டையில் கட்டிய ஈரம்

காலை ஆறு நாற்பது. கரடியூர் சாலையிலிருந்து பிரிந்து இறங்கும் மண்பாதையில் முதலில் தென்பட்டது, அக்கா வீட்டு வாசலில் கிடந்த ஒரு சாக்கு மூட்டை. அதன் வாயிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. சுற்றிலும் பனிமூட்டம் இறங்கியிருந்ததால் எது மூட்டம், எது ஆவி என்று பிரித்துப் பார்க்கச் சற்று நேரம் ஆனது. கிட்டப் போய்க் கை வைத்தேன். மூட்டை சுட்டது.

"தொடாதே சாமி, அது கெட்டுப்போச்சு" என்று அக்கா முயல் கொட்டகைக்குள்ளிருந்து சொன்னார். "உள்ள பூசணம் பூத்தா இப்படித்தான் கொதிக்கும்."

எண்பதுகளின் பின்பாதி, ஐப்பசி மாதம். நான் சேலத்தில் ஒரு நாளிதழுக்கு நிருபராக இருந்தேன். மலைப்பாதையில் மண் சரிந்த செய்திக்காக முந்தின நாள் ஏறி வந்து, ஏற்காட்டில் தங்கி, காலையில் அக்காவைப் பார்க்க நடந்திருந்தேன். அந்த மண்சரிவுக்கும் மூட்டைக்கும் தொடர்பு இருந்தது. அக்காவின் முயல்களுக்கு, சோளமும் தவிடும் அரைத்துக் குச்சிகளாக அழுத்திய தீவனம் சேலத்திலிருந்துதான் லாரியில் வரும். மழைக்காலத்தில் லாரி எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் வந்தபோது நிறைய இறக்கி வைப்பார்கள். இறக்கி வைத்தது மலைக்காற்றில் ஈரம் குடித்து, பூசணம் பிடித்து, உள்ளுக்குள் சூடேறும். அதைத் தின்ற முயல்கள் வயிறு உப்பிச் செத்தன. நான் போன அன்று கூண்டுகளில் பாதிக்கு மேல் காலி.

அக்காவின் கணவரை நான் மாமா என்பேன். எஸ்டேட்டில் ரைட்டராக இருந்து, கூலியாட்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்தே வயது போனவர். ஓய்வு பெற்றதும் எஸ்டேட் குடியிருப்பை விட்டு வந்து இந்தத் துண்டு நிலத்தை வாங்கி, கொஞ்சம் காப்பிச் செடியும் முயல் கொட்டகையும் போட்டிருந்தார்கள். அன்று அவர் சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்தில், இரண்டு முழங்காலிலும் கம்பளி மப்ளரைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஈரம் ஏறினால் அவர் கால் மடங்காது.

"வா மாப்ளே. பாத்தியா? பேப்பர்ல போட்டோ போடு. மூட்டையிலயே சோறு ஆக்குற ஊடுன்னு."

அக்கா சிரிக்கவில்லை. காப்பியை என் முன்னால் வைத்துவிட்டு, "பையன் கீழ ரூமுக்கு வெள்ளையடிச்சுட்டானாம் கண்ணு. எங்க ரெண்டு பேருக்கும்" என்றார்.

மகனுக்குச் சேலத்தில் வேலை, சொந்த வீடு. அப்பாவின் காலுக்கு மலை ஆகாது என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் சொன்னது தப்பில்லை. மாமா அதைப் பற்றி வாய் திறக்க மாட்டார். ஆனால் சேலத்துக்குப் போகும்போதெல்லாம், அங்கே பஸ்ஸிலிருந்து யார் துணையும் இல்லாமல் இறங்குவார். அக்காவோ கல்யாணமாகி வந்ததிலிருந்து மலையில் இருப்பவர். சேலத்தில் மின்விசிறிக்குக் கீழே படுத்தால் அவருக்குத் தூக்கம் வராது. போகமாட்டேன் என்று அவரும் சொன்னதில்லை.

"இன்னொரு மழை பாக்குறேன்" என்றார் அக்கா. "அதுலயும் இப்படிச் செத்துதுன்னா நானே பெட்டியைக் கட்டுறேன். தீவனத்தை நாமளே குச்சியாக்குற மிஷின் சின்னதா வருதாமே, கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லு."

அவர் கணக்கு சரியானது. முழுச் சோளம் ஓரளவு ஈரத்தைத் தாங்கும், அரைத்தது தாங்காது. வேண்டும்போது அரைத்து, தவிடும் பிண்ணாக்கும் கலந்து, இரண்டு மூன்று நாளுக்கு வேண்டியதை மட்டும் குச்சியாக அழுத்திக்கொண்டால் மூட்டை அடுக்க வேண்டியதில்லை. விசாரித்ததில், கோயம்புத்தூர் போகும் சாலையில் ஒரு லேத் பட்டறைக்காரர் அப்படி மிஷின் செய்வதாகத் தெரிந்தது. ஓட்டை போட்ட கனமான இரும்புத் தட்டு. அதன்மேல் உருளைகள் சுழன்று கலவையை அழுத்தும். தட்டுக்கு அடியில் குச்சி குச்சியாக விழும். அவ்வளவுதான்.

பங்குனியில் ஒரு நாள் அக்காவைப் பட்டறைக்குக் கூட்டிப்போனேன். சோதித்துப் பார்க்க அவர் தன் கலவையையே ஒரு பையில் கொண்டுவந்திருந்தார். காப்பி உலர்த்தும் களத்தில் அதை நாள்கணக்காகப் பரப்பி, கிளறி, சல்லடையில் சலித்திருந்தார். கையில் அள்ளினால் மணல் மாதிரி ஒழுகியது.

பட்டறைக்காரர் இளைஞர். கலவையை விரலால் தேய்த்துப் பார்த்து, "இவ்வளவு சுத்தமா யாரும் கொண்டு வர்றதில்லீங்க" என்றார். அக்காவின் முகம் மலர்ந்தது. ஒரு சொம்புத் தண்ணீர் தெளித்துப் பிசறி, கரண்டில் ஓடும் சின்ன மிஷினில் போட்டார். பளபளவென்று குச்சிகள் விழுந்தன. ஒன்றை எடுத்து ஒடித்தபோது படக்கென்று சத்தம் வந்தது.

"உங்க ஊர்ல கரண்டு எப்படிங்க?"

"இருக்குமுங்க" என்றார் அக்கா, சம்பந்தம் பேச வந்தவர்களிடம் பெண்ணைப் பற்றிச் சொல்கிற வேகத்தில். மழைக்காலத்தில் பாதி நாள் கரண்டு இருக்காது என்பது எனக்கும் தெரியும். நானும் தலையாட்டி வைத்தேன்.

அன்று சாயங்காலம் மாமா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். எத்தனை நாள் காயவைத்தார், எப்படிச் சலித்தார், பட்டறைக்காரர் என்ன சொல்லிப் புகழ்ந்தார். கடைசியில் கேட்டார்:

"ஏம்புள்ள, நீ மிஷின் வாங்கப் போனியா, தவிடு விக்கப் போனியா?"

அக்கா எழுந்து போய் அடுப்பில் விறகைத் தள்ளினார். கொஞ்ச நேரம் கழித்து அவர் தோள் குலுங்கியது. சிரித்துக்கொண்டிருந்தார்.

மலையில் காப்பி வைத்திருப்பவர்கள் எல்லாருக்கும் இருக்கும் பழக்கம் அது. கீழே வியாபாரியிடம் சாம்பிள் கொண்டுபோகும்போது, இருப்பதிலேயே நன்றாகக் காய்ந்ததை இன்னும் இரண்டு வெயில் காட்டித்தான் கொண்டுபோவார்கள். வியாபாரி கொட்டையைக் கடித்துப் பார்ப்பார். பல் பதிந்தால் ஈரம் என்று விலையைக் குறைப்பார். கீழே போகிற பையில் ஈரம் இருக்கக் கூடாது என்பது அக்காவின் கைக்குப் பழகியிருந்தது. எந்த ஈரத்துக்காக மிஷின் வாங்கப் போனாரோ, அதையே வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தார்.

பட்டறைக்காரர் அட்வான்ஸ் எப்போது என்று கேட்டு என் ஆபீஸுக்கு ஆள் அனுப்பினார். சேர்வராயன் கோயில் திருவிழா முடியாமல் கொத்தனார் வரமாட்டார், ஷெட் போடாமல் மிஷினை எங்கே வைப்பது என்று சொல்லச் சொன்னார் அக்கா. கொத்தனார் வராதது உண்மைதான். ஆனால் அக்கா காத்திருந்தது ஆடி மாத ஈரத்துக்கு.

ஆடியில் மூட்டம் இறங்கியது. அக்கா அதே கலவையைக் கொட்டகையில் மூடாமல் வைத்திருந்து, அது நன்றாக ஈரம் குடித்த பிறகு பிளாஸ்டிக் தாளில் இறுக்கிக் கட்டினார். கீழே போய்ச் சேருவதற்குள் காய்ந்துவிடக் கூடாதே என்பது கவலை. பஸ்ஸில் கண்டக்டர் மூட்டையைக் காலால் தொட்டுப் பார்த்தார்.

"ஏனுங்கக்கா, உள்ள என்னங்க? மீனா?"

"ஈரமுங்க."

"ஈரத்தையா மூட்டை கட்டிட்டுப் போறீங்க? போங்க போங்க, கீழ அதுக்குத்தான் பஞ்சம்."

பஸ்ஸில் எல்லாரும் சிரித்தார்கள். அடிவாரம் தாண்டியதும் ஜன்னல் வழியாக வெயில் விழுந்தது. அக்கா மூட்டையை நிழல் பக்கம் நகர்த்தி, முந்தானையால் மூடினார். கைக்குழந்தை வைத்திருப்பவருக்கு இடம் விடுவதுபோல் பக்கத்தில் இருந்தவர் ஒதுங்கிக்கொண்டார்.

பட்டறையில் மிஷின் நாலைந்து குச்சி தள்ளியது. பிறகு உறுமியது. பெல்ட் கருகும் நாற்றம் வந்தது. நிறுத்திப் பார்த்தால் தட்டின் ஓட்டைகள் எல்லாம் களிமண் அடைத்த மாதிரி அடைத்திருந்தன. இளைஞருக்கு முகம் சிவந்துவிட்டது.

"என்னங்க இது, சேத்தைக் கொண்டாந்திருக்கீங்க!"

"எங்க ஊர்ல ஆடி மாசத்துல இதுதாங்க தவிடு."

"அப்ப அன்னிக்குக் கொண்டாந்தது?"

"அது சாம்பிளுங்க."

அவர் அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து சிரித்தார். அதன்பின் எங்களை அனுப்பிவிட அவர் அவசரப்படவில்லை. ஓட்டைகளை ஒவ்வொன்றாகத் துளைப்பான் வைத்துக் குடைந்து எடுத்தார். தண்ணீரே தெளிக்காமல், அங்கேயே அரைத்த சோளத்தைக் கலந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டார். இந்தத் தடவை அடைக்கவில்லை. ஆனால் குச்சிகள் சூடாக, மெத்தென்று விழுந்தன.

"அன்னிக்கு நான் தெளிச்ச தண்ணியை உங்க காத்தே தெளிச்சுடுதுங்க. அதனால தண்ணி வேண்டாம். ஆனா இதை இப்படியே சூட்டோட கட்டினா மூட்டைக்குள்ள வேர்க்கும். ஆறவெச்சு, காயவெச்சுத்தான் கட்டணும். நாங்க தரையில பரப்பிட்டு டீ குடிக்கப் போவோம், வந்து அள்ளிடுவோம்."

"எங்க ஊர்ல தரையில பரப்பிட்டு டீ குடிக்கப் போனா, அதுவும் குடிச்சுட்டு உக்காந்திருக்குமுங்க" என்றார் அக்கா.

மிஷின் எது என்பதல்ல, காயவைப்பது எப்படி என்பதே கேள்வி என்று ஆகிவிட்டது. களம் இருந்தது, வெயில் இல்லை. வீட்டு அடுப்புக்கு மேலே காயப்போடலாமென்றால் ஒரு வேளைக்கான தீவனத்துக்குக்கூட இடம் போதாது. வெள்ளையடித்த அறை எனக்கு நினைவுக்கு வந்தது. அக்காவுக்கும் அதுதான் நினைவுக்கு வந்திருக்கும். பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

அப்போது பின்பக்கம் இன்னொரு மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதே தட்டு, அதே உருளை; ஆனால் டீசல் இன்ஜினோடு பெல்ட்டில் மாட்டியது. பழுது பார்த்துச் சும்மா ஓடவிட்டிருந்தார்கள். இன்ஜினிலிருந்து நீண்டு போன சைலன்சர் குழாய்க்கு மேலே கம்பி கட்டி, பட்டறை ஆள் ஒருவர் தன் லுங்கியைக் காயப் போட்டிருந்தார். அக்கா அதையே பார்த்தார்.

"அந்த லுங்கியை எப்பத் துவைச்சதுங்க?"

பட்டறைக்காரர் திகைத்தார். உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "இப்பத்தான், நீங்க வந்தப்ப" என்று பதில் வந்தது. அக்கா போய் லுங்கியின் ஓரத்தைப் பிடித்துப் பார்த்தார். இடுப்பு மடிப்பையும் பிடித்துப் பார்த்தார். அதுவும் காய்ந்திருந்தது. மலையில் ஆடி மாதம் துவைத்த துணி ஒரு வாரம் ஆனாலும் நாறிக்கொண்டு கிடக்கும்.

"இது வேண்டாங்க" என்றார் பட்டறைக்காரர். "சத்தம் நொம்ப. சூடும் அப்படித்தான். ஒருத்தர் வாங்கிட்டுப் போய், ரூம்ல நிக்க முடியலைன்னு திருப்பிக் குடுத்துட்டார்."

"நிக்கவே முடியலையாமா?" என்று அக்கா திரும்பக் கேட்டார், நல்ல செய்தி கேட்ட குரலில்.

அதையே எடுத்தோம்.

சத்தத்தைப் பற்றிப் பட்டறைக்காரர் சொன்னதும் பொய்யல்ல. குட்டி போட்ட முயல் திடுக்கிட்டால் குட்டிகளை மிதித்துவிடும். இன்ஜினை எவ்வளவு தூரத்தில் வைப்பது என்று பார்க்கும் பொறுப்பை மாமா எடுத்துக்கொண்டார். என் கையில் ஒரு காலி எண்ணெய் டின்னும் குச்சியும் கொடுத்து, "அடிச்சிட்டே போ மாப்ளே, காது படுக்குற வரைக்கும் போ" என்றார். கூண்டுகளுக்கு முன்னால் அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து முயல்களின் காதைப் பார்த்தார். நான் டின்னை அடித்தபடி காப்பிச் செடிகளுக்குள் போனேன். பலா மரத்தைத் தாண்டி, சரிவில் இறங்கி, அவர் தலை மறைந்த பிறகுதான் "போதும்" என்ற குரல் கேட்டது. வழியில் போன யாரோ, "ஏனுங்க, காட்டுப்பன்னியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

டின் சத்தம் நின்ற இடத்தில் கொத்தனார் இரண்டு அறை கட்டினார். ஒன்றில் இன்ஜினும் மிஷினும். அடுத்ததில், காப்பி காயவைக்கும் கம்பிவலைத் தட்டுகள் அடுக்கடுக்காக. சைலன்சர் குழாயை நீட்டி, இந்த அறையின் சுவரோரமாகக் கொண்டுபோய், மறுபக்கச் சுவரைத் துளைத்துப் புகையை வெளியே விட்டார்கள். பட்டறைக்காரரே வந்து, இணைப்புகளில் புகை கசிகிறதா என்று பார்த்து இறுக்கிவிட்டுப் போனார்.

அந்த ஐப்பசியில் மறுபடி போனேன். மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. லாரி வந்து பல நாள் ஆகியிருந்தது. வீட்டில் யாரும் இல்லை. இன்ஜின் சத்தம் கேட்ட திசையில் நடந்தேன். அக்கா மிஷினில் கலவையைக் கை கையாகப் போட்டுக்கொண்டிருந்தார். பேச முடியாத சத்தம். தலையால் பக்கத்து அறையைக் காட்டினார்.

உள்ளே தட்டுகளில் குச்சிகள் காய்ந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவில் மாமா உட்கார்ந்திருந்தார். வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்து, இரண்டு காலையும் குழாயின் பக்கம் நீட்டியிருந்தார். மப்ளர் இல்லை; அது கம்பியில் தொங்கியது. மடியில் ஒரு முறம். காய்ந்ததையும் காயாததையும் ஒடித்துப் பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"கதவைச் சாத்து மாப்ளே, சூடு போவுது."

சாத்தினேன். அவர் எழுந்து வந்து எனக்கு ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டார். எழுந்தபோது எதையும் பிடித்துக்கொள்ளவில்லை.

இன்ஜின் நின்றதும் அக்கா உள்ளே வந்தார். "தீவனத்துக்குன்னு கட்டுன ரூமு. இவரைக் காயவெச்சது போக மீதி இடத்துலதான் தீவனம் காயுது" என்றார்.

"நான் சாம்பிள்" என்றார் மாமா.

அந்த மழையில் முயலே சாகவில்லை என்று எழுத முடியாது. சில செத்தன, ஒன்றைக் கீரி கொண்டுபோனது. வயிறு உப்பி எதுவும் சாகவில்லை. தட்டின் ஓட்டைகள் சில நாள் அடைத்துக்கொண்டன, துளைப்பான் வைத்துக் குடைந்தார்கள். கூண்டுகள் மெதுவாக நிறைந்தன.

சேலத்தில் வெள்ளையடித்த அறையைத் தை மாதம் மகன் வாடகைக்கு விட்டான்.