அம்மா சொன்ன அளவு சரி

அம்மா எங்களை விட்டுப் போய் ஓராண்டாகிறது. அம்மாவுக்குப் போர்த்த வந்த பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை அன்று நான் ஏன் திருப்பி அனுப்பினேன் என்று இன்றும் கேட்கும் உறவுகளுக்கு இந்த நினைவு மலரில் பதில் சொல்கிறேன்.

அம்மா மாத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றின் தொழிலாளர் லயத்தில் பிறந்தார். தாயைச் சிறுவயதிலேயே இழந்து, தம்பியை, அதாவது எங்கள் மாமாவை, இடுப்பில் சுமந்து வளர்த்தார். உக்குவளைக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகும் மாமாவைப் பற்றி யாராவது ஒரு சொல் சொன்னால் பொறுக்கமாட்டார்.

கேஸ் இல்லாமல், மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற நாட்களில் அம்மா எங்கள் எண்ணெய் அடுப்போடு மல்லுக்கட்டினார். திரிகளின் கரியை நீக்கி ஒரே மட்டமாக வெட்டினார். பழைய பிஸ்கட் டின்னை வெட்டி அடுப்பைச் சுற்றித் தகர வளையம் போட்டார். சட்டிக்கும் வளையத்துக்கும் ஒரு விரல் இடைவெளி. வளையத்தின் அடியில் சுற்றிவரக் காற்றுத் துளைகள். புகைந்த மஞ்சள் நெருப்பு நீலமாக எரிந்தது. மூன்று நாளில் தீரும் போத்தல் ஐந்து நாளைக்கு வந்தது.

மாத்தளையில் தகரக் கடை வைத்திருக்கும் மாமா அதைப் பார்த்து, அம்மாவிடம் அளவும் கேட்டுக்கொண்டு போய், தன் கண்டுபிடிப்பென்று செய்து விற்றார். துளை போடுவது வீண்வேலை என்று விட்டுவிட்டார். அப்படிக் காற்று வழி அடைபட்ட அடுப்பு ஒன்று பொங்கி எரிந்து, எங்கள் தெருவிலேயே ஒரு பெண்ணின் கை வெந்தது. கேட்டவர்களிடம் மாமா கூசாமல், “அக்கா குடுத்த அளவுதாங்க பிழை,” என்றார்.

அதன்பின் அயலவர் அம்மாவுக்கு முகங்கொடுக்கவில்லை. அவர் கோயிலுக்குப் போவதையும் நிறுத்தினார். படுக்கையில் கிடந்தபோதும், “துளை போடணும்னு நான் சொன்னேன்தானே, புள்ள?” என்றே கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு வயிறு எரிந்தது. இன்றும் எரிகிறது.

இறுதிக் கிரியை அன்று மாமா கோடியோடு வந்தார்.

“மாமா, அம்மா சொன்ன அளவு சரின்னு எல்லாருக்கும் கேட்க ஒரு வார்த்தை சொல்லுங்க. பொறகு போத்துங்க.”

“செத்த வீட்டுல அடுப்புக் கதையா பேசுவாங்க?” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சேலையை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். அம்மாவுக்கு என் சேலையைப் போர்த்தி அனுப்பினோம்.

பாடை சுமந்தவர்களுக்கும், எட்டு நாளும் சமைத்துத் தந்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கை வெந்த அந்த அக்காவுக்குத் தனி நன்றி. எங்கள் வளையத்தில் துளைகள் இருப்பது தெரிந்ததும் வீடு தேடி வந்து அம்மாவின் கையைப் பிடித்து அழுதவர் அவர் ஒருவர்தான்.

தன் பெயரையும் இதில் சேர்க்கச் சொல்லி மாமா ஆள் அனுப்பினார். சேர்க்கவில்லை. அம்மாவின் வளையத்தைத் துளைகளோடும் அளவுகளோடும் பின்னட்டையில் வரைந்திருக்கிறேன். யாரும் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். மாமாவின் கடைப்படி ஏறத் தேவையில்லை.

அம்மா மன்னித்திருப்பார் என்று எனக்குச் சொல்ல யாரும் வராதீர்கள். அவர் உயிரோடு இருந்தவரை மாமா மன்னிப்பே கேட்கவில்லை.

மகள்