அம்மா சொல்லாத பர்லாங்கு

இங்கிலாந்தில் யாரும் என் பெயரைக் கேட்டுச் சிரிப்பதில்லை. வந்த புதிதில் எனக்கு அதுதான் பெரிய அதிசயம். லீட்ஸ் நகரத்து பஸ் டெப்போவில் வேலைக்குச் சேர்ந்தபோது, பர்லாங்குச்சாமியில் சாமியைக் கழித்துவிட்டு 'மிஸ்டர் பர்லாங்' என்று எழுதிக்கொண்டார்கள். இங்கே அது குடும்பப் பெயராம். மேலாளர் பிரியமாக, "உங்கள் ஆட்கள் எந்தக் கவுண்டி?" என்று கேட்டார். கவுண்டி என்றால் இங்கே மாவட்டம். என் காதில் அது 'கண்ட்ரி' என்று விழ, "இண்டியா" என்றேன். அவர் என் முகத்தையும் காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அட, நம்ம பர்லாங்குகள் அங்கே வரைக்கும் போய்விட்டார்களா!" என்றார்.

பாலவனத்தம் பள்ளிக்கூடத்தில் கதையே வேறு. "ஏலே பர்லாங்கு, இன்னும் ஏழு பேரக் கூட்டியா, ஒரு மைலாயிரும்" என்று பையன்கள் ஓட ஓட விரட்டுவார்கள். எட்டு பர்லாங்கு சேர்ந்தால் ஒரு மைல் என்பது அந்தக் காலத்துத் தூரக் கணக்கு. அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தால் அப்பா பெயர்க் காரணம் சொல்வார். தாத்தாவின் அம்மா நிறைமாதத்தில் பருத்திச் சுமையோடு அருப்புக்கோட்டைச் சந்தைக்கு நடந்தபோது வழியிலேயே வலி வந்துவிட்டதாம். ஒதுங்க ஒரு மரம்கூட இல்லாத ரோட்டில், பர்லாங்குக் கல்லில் சாய்ந்தபடி தாத்தாவைப் பெற்றிருக்கிறாள். இரண்டு உயிரும் பிழைத்ததில் கல் சாமியாகிவிட்டது, பிள்ளை பர்லாங்குச்சாமி ஆனார். தாத்தா பெயர் பேரனுக்கு என்ற வழக்கப்படி அது என் தலையில் விழுந்தது.

இதில் அம்மாவின் பாடுதான் திண்டாட்டம். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. யாராவது வழி கேட்டால், "நேராப் போங்க, ரெண்டு மாமா தூரம் இருக்கும்" என்பாள். அறுபதுகளில் கிலோமீட்டர் வந்தபோது ஊரிலேயே சந்தோஷப்பட்ட ஒரே ஆள் அவள்தான். என்னைக் கூப்பிடுவதெல்லாம் "ஏய்யா", "ராசா" தான். ஊரில் இருந்தவரை அது எனக்கு உறைக்கவில்லை. இங்கே தபால்காரர் முதல் கறிக்கடைக்காரர் வரை என் பெயரைச் சொல்லும்போதுதான், பெற்றவள் வாயால் ஒரு தடவைகூடக் கேட்கவில்லையே என்று மனசு அடித்துக்கொண்டது. எப்படியாவது கேட்டுவிட வேண்டும் என்று ஆசை பிடித்துக்கொண்டது.

எழுபதுகளில் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்தது. சாக்கு கிடைத்தது எனக்கு. 'கண் எப்படி இருக்கிறது என்று சொல்ல, அம்மா டவுன் தந்தி ஆபீசுக்குப் போய் எனக்கு டிரங்க் கால் போடட்டும். நான் தங்கியிருக்கும் வீட்டில் ஆறு பேர், போனை யார் எடுப்பார்களோ தெரியாது. என் பெயரைச் சொல்லித்தான் கேட்க வேண்டும்' என்று வீட்டுக்கு எழுதினேன். சுத்தமான கள்ளத்தனம்தான். குறித்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மற்ற ஐந்து பேரையும் போன் பக்கம் அண்டவிடாமல் காவல் காத்தேன்.

மணி அடித்தது. ஒரே கரகரப்பு. தூரத்தில் தந்தி ஆபீஸ்காரர் குரல், "லைன் கெடச்சிருச்சும்மா, பேரச் சொல்லிக் கேளுங்க" என்றது. பிறகு அம்மா மெதுவாக, "மாமா, மன்னிச்சுக்கங்க" என்றாள். உடனே தொண்டை கிழிய ஒரு கத்தல்.

"பர்லாங்குச்சாமி! பர்லாங்குச்சாமி இருக்கானா?"

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வாயைத் திறந்தேன். இத்தனை வருடமாக இங்கே போனில் அந்தப் பெயரைக் கேட்டதும் என்ன வருமோ அதுதான் வந்தது.

"யெஸ், ஸ்பீக்கிங்."

"யாரோ தொரை எடுத்திருக்காக," என்று அம்மா அந்த ஆளிடம் சொல்வது கேட்டது. "எம்புள்ளையக் கூப்புடச் சொல்லுங்கய்யா."